பெங்களூரைச் சுற்றிக் கல்வட்டங்கள்: பார்ப்பது எப்படி, காப்பது எப்படி?

பெங்களூரில் ‘பழைய இடம் ஏதாவது பார்க்கணும்’ என்று கேட்டால் அல்சூர் சோமேசுவரர் கோயில், திப்பு அரண்மனை, மிஞ்சிப்போனால் நந்தி மலை என்பார்கள். இவற்றையெல்லாம்விட மூத்த இரும்புக்கால ஈமச்சின்னங்கள், அதாவது இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்வட்டம் போன்றவை, இந்த ஊரைச் சுற்றியே இருக்கின்றன. விமான நிலையச் சாலையில் வரும் சிக்கஜாலா, மைசூர் ரயில் பாதையில் வரும் ஹெஜ்ஜாலா இரண்டுமே இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் வரலாற்றுக்கு முந்தைய இடங்களாகப் பதிவானவை. ஹொஸ்கோட்டே பக்கத்து ஜடிகேனஹள்ளியில் 1957-ல் தொல்லியலாளர் எம். சேஷாத்ரி அகழாய்வே செய்திருக்கிறார். ஆனால் இங்கெல்லாம் டிக்கெட் கவுன்டர் கிடையாது, கைடு கிடையாது. பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. அதனால் முதலில் கண்ணைப் பழக்க வேண்டும்.

படி 1: எது கல்வட்டம், எது வெறும் கல்

கல்வட்டம் என்பது பெரும்பாலும் ஒரு புதைகுழியின் வெளி எல்லை. உருண்டைப் பாறைகளை வட்டமாக வைத்து, உள்ளே சிறு கற்களைக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். மேட்டுக்கு அடியில் பலகைக் கற்களால் பெட்டி போல அமைத்த கற்பதுக்கை இருக்கலாம், தாழியும் இருக்கலாம். இதே பெட்டி தரைக்கு மேலே நின்றால் அது கற்திட்டை. சித்ரதுர்கா மாவட்டம் பிரம்மகிரியில் 1947-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, நான்கு பலகைகளும் ஒன்றையொன்று தாண்டி நீண்டு, மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவில் நிற்கும் பதுக்கைகள் கிடைத்தன. ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை. அதை இடுதுளை என்கிறோம். உள்ளே கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், எலும்புகள்.

தரையில் நின்று பார்க்கும்போது இவ்வளவும் தெரியாது. தெரிவது இதுதான்: முழங்கால் உயரத்துக்குப் பாதி புதைந்த பாறைகள், ஓரளவு சீரான இடைவெளி, நடுப்பகுதி சுற்றுத் தரையைவிடக் கொஞ்சம் உயர்ந்து முதுகு போல இருப்பது. சில இடங்களில் அந்த முதுகிலிருந்து பலகைக் கல்லின் விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கும்.

ஏமாற்றும் விஷயங்களும் உண்டு. பெங்களூரைச் சுற்றி இயற்கையாகவே உருண்டைப் பாறைகள் கொட்டிக் கிடக்கின்றன. உழுபவர்கள் பொறுக்கிப் போட்ட கல் குவியல், பழைய நெல் களம், ஆட்டுப்பட்டி எல்லாமே தூரத்திலிருந்து வட்டமாகத் தெரியும். பட்டியின் கற்கள் தரைமேல் உட்கார்ந்திருக்கும். கல்வட்டத்தின் கற்களோ மண்ணுக்குள் இறங்கியிருக்கும். பாறை விளிம்பில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால் அது பெரும்பாலும் கல் உடைப்பவர்களின் உளி வேலை. வீரன் உருவம் செதுக்கியிருந்தால் அது நடுகல். அதுவும் காக்க வேண்டியதுதான், ஆனால் பிற்காலத்தது.

படி 2: முதல் இடத்தைத் தேர்ந்தெடுப்பது

எடுத்த எடுப்பில் யாருக்கும் தெரியாத இடத்தைக் கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள். தெரிந்த இடத்தில் கண் பழகட்டும். மாகடி பக்கம் சாவனதுர்காவிலும் ஈமக்கற்கள் உண்டு, ஆனால் அங்கே போனால் மலையேறும் கும்பலோடு போய்விடுவோம். என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு ஓசூரைத் தாண்டி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் கற்திட்டைகள்தான் சரி. நெடுஞ்சாலையிலிருந்து அதிக தூரமில்லை, ஊர்க்காரர்களிடம் தமிழிலேயே பேசலாம். அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில்தான் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது.

மூன்று நாள் லீவு சேர்ந்தால் கொப்பள மாவட்டம் ஹிரேபெணகல். நூற்றுக்கணக்கான கற்திட்டைகள், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கும் இடம். போகிற வழியில் பல்லாரிக்கு அருகே குடதினி சாம்பல் மேட்டையும் பார்த்துவிடுங்கள். புதிய கற்காலத்தில் மாட்டுச் சாணத்தைக் குவித்து எரித்து எரித்து உயர்ந்த மேடு அது.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை முடிந்த கையோடு போனால் உண்ணிச்செடிப் புதருக்குள் எதுவும் தெரியாது. காலை ஒன்பதுக்குள் வெயில் சாய்வாக விழும்போது, நடுப்பகலில் தட்டையாகத் தெரியும் மேடு நிழலோடு எழுந்து நிற்கும்.

படி 3: ஊருக்குள் நுழைவது

கர்நாடகக் கிராமங்களில் ‘மெகாலித்’ (பெருங்கற்சின்னம்) என்று கேட்டால் யாருக்கும் புரியாது. ‘பாண்டவர குடி எல்லிதே அண்ணா?’ (பாண்டவர் கோயில் எங்கே இருக்கிறது?) என்று கேளுங்கள். சில ஊர்களில் ‘மோரியர மனே’ (மோரியர் வீடு) என்பார்கள். பெரியவர் என்றால் அஜ்ஜா. உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘நிதி’ பற்றித்தான் இருக்கும். புதையல் தேடி இரவில் வந்து தோண்டுகிறவர்களால் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பயம். ‘நிதி ஹுடுகோக்கே அல்ல, நோடோக்கே பந்தித்தீவி’ (புதையல் தேட இல்லை, பார்க்கத்தான் வந்திருக்கிறோம்) என்று சொல்லிவிட்டு, முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். கடப்பாரை, மெட்டல் டிடெக்டர் எதையும் வண்டியில்கூட வைத்திருக்காதீர்கள். ட்ரோனும் வேண்டாம்.

கல் பட்டா நிலத்தில் இருந்தால் பேச்சில் இன்னும் கவனம் வேண்டும். ‘அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொள்ளும்’ என்று பயந்தால், உரிமையாளரே ஒரே இரவில் கல்லைப் புரட்டிப் போட்டுவிடக்கூடும். குங்குமம், விளக்கு இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

படி 4: பதிவு செய்வது

கல்லைத் தொட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நகர்த்துவதுதான் கூடாது. கல் எந்த இடத்தில், எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்பதிலேயே பாதிச் செய்தி இருக்கிறது. பானை ஓட்டுக்கும் இதுவே விதி: கிடந்த இடத்தில் படம் எடுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டு மேசை டிராயருக்குள் போன ஓடு எந்த ஊருடையது, எந்த வட்டத்துடையது என்பதே போய்விடும்.

தேவை ஒரு டேப், ஒரு நோட்டு, போன். வட்டத்தின் குறுக்களவை வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என இரண்டு திசையிலும் எடுங்கள். கற்களை எண்ணி, வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் வரிசை எண் கொடுத்துக் கையால் படம் வரையுங்கள். கல் இல்லாமல் இடைவெளி விட்ட இடத்தையும் குறியுங்கள். அடுத்த வருடம் இன்னொரு கல் காணாமல் போனால் இந்தக் கிறுக்கல்தான் சாட்சி. டேப்பை ஓரமாக விரித்து வைத்து, நான்கு திசையிலிருந்தும் போட்டோ. புதர் மறைத்தால் கிளையை ஒதுக்கலாம், வேரோடு பிடுங்கக் கூடாது. வேரோடு சேர்ந்து உள்ளே அடுக்கிய சிறு கற்களும் வந்துவிடும். சாக்பீஸால் கோடு தீட்டுவது, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது எதுவும் வேண்டாம்.

அப்புறம், இடத்தின் மேப் பின்னை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். போட்டோவுக்குள்ளேயே இருப்பிடம் பதிந்திருக்கும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். அதிகாரிக்கு டாக்குமென்ட், நண்பர்களுக்குப் படம்.

படி 5: யாரிடம் சொல்வது

கல்வட்டங்களுக்குப் புதையல் திருடனைவிடப் பெரிய ஆபத்து ஜேசிபி. லே-அவுட் போடுவது, கிரானைட் குவாரி, சாலை அகலப்படுத்துவது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலேயே 24 எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றும், 14 நகர வளர்ச்சியில் மறைந்துவிட்டன என்றும் மத்திய அரசே நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லியிருக்கிறது. பட்டியலிலேயே இல்லாத வட்டங்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

தொல்லியல் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் சொல்வது இது: மத்தியப் பாதுகாப்பில் உள்ள இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படிப்பட்ட இடமென்றால் கோரமங்கலா கேந்திரிய சதனில் உள்ள தொல்லியல் துறையின் பெங்களூர் வட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். மற்றவற்றுக்கு மைசூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறை. இரண்டிலும் நகல் தாசில்தாருக்கும் கிராமப் பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரிக்கும் (பி.டி.ஓ.) போகட்டும்.

கடிதத்தில் மிக முக்கியம் சர்வே நம்பர். ‘ஏரிக்குப் பின்னால், ஆலமரத்துக்குப் பக்கத்தில்’ என்று எழுதினால் ஃபைல் நகராது. கர்நாடக அரசின் ‘திஷாங்க்’ ஆப்பைத் திறந்து வட்டத்துக்குள் நின்றால் அந்த இடத்தின் சர்வே நம்பர் வரும். அதோடு இருப்பிட எண்கள், நான்கு போட்டோ, கையால் வரைந்த படம். கன்னடத்தில் ஒரு பக்கம் போதும், எழுதத் தெரிந்த நண்பரைப் பிடியுங்கள். ஒப்புகை முத்திரை வாங்காமல் வராதீர்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், அந்த முத்திரைத் தேதியைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ‘என் மனுமீது என்ன நடவடிக்கை?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கண்ணெதிரே ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் கடிதமெல்லாம் பிறகு. பாதுகாப்பான தூரத்தில் நின்று, வண்டி எண் தெரியும்படி வீடியோ எடுத்து, 112-ஐ அழையுங்கள். டிரைவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.