உங்கள் கடையின் தளம் கூகுளில் தெரிய என்ன செய்ய வேண்டும்?

ஈரோடு வட்டாரத்தில் சிறு வியாபாரிகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் வேலை. தளம் தயாரானதும் எல்லாரும் கேட்பது, "கூகுள்ல நம்ம கடை பேரை அடிச்சா வருதுங்களா?" என்றுதான். பேரை அடித்தால் வருவது பெரிய காரியமில்லை. உங்கள் பேரே தெரியாத ஒருவர் கோவையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து பொருளைத் தேடும்போது நீங்கள் வர வேண்டும். அதற்கான வழியை, பவானியில் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு ஜமக்காளக் கடையின் தளத்தை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் விற்பது மரச்செக்கு எண்ணெயாக இருந்தாலும், நடத்துவது டியூஷன் சென்டராக இருந்தாலும் செய்ய வேண்டியவை இவையேதான்.

முதலில், கூகுளால் படிக்க முடிகிறதா?

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் நல்லது. ஒன்றுமே வரவில்லை என்றால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இதைக் கவனியுங்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமாக இருந்தால் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் அங்கே இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் போட்டு வைப்பது வழக்கம். வேலை முடிந்தபின் எடுக்க மறந்துவிட்டால், எத்தனை மாதம் ஆனாலும் தளம் தேடலில் வராது.

அடுத்து சர்ச் கன்சோல். உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்ட, கூகுள் இலவசமாகத் தரும் கருவி இது. டொமைன், அதாவது தளத்தின் பெயரை வாங்கிய இடத்தில், கூகுள் தரும் குறியீட்டை ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டாகச் சேர்த்துத் தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டு, சைட்மேப்பைக் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) கொடுங்கள். 2020-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5 முதல் சைட்மேப் தானாகவே உருவாகிறது. புதிய பக்கம் போட்டால் அதன் முகவரியை மேலே உள்ள பெட்டியில் ஒட்டிப் பார்த்து, சேர்க்கும்படி ஒரு கோரிக்கையும் வைக்கலாம்.

நம் ஊர்த் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஃபிளெக்ஸ் அடிக்க டிசைனர் செய்து கொடுத்த போஸ்டரை அப்படியே படமாகப் போட்டுவிடுகிறார்கள். விலை, அளவு, முகவரி எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கும். கண்ணுக்கு அழகாக இருந்தாலும், பக்கத்தில் எழுத்து என்று எதுவும் இல்லை. உங்கள் தளத்தில் உள்ள ஒரு வரியை மவுஸால் இழுத்துக் காப்பி செய்யப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது படம். அந்த வாசகத்தைத் தட்டச்சு செய்து பக்கத்தில் சேர்க்க வேண்டும். காப்பி ஆனாலும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால், அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வாசகம் அது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கூகுளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன, மாற்றிப் போடுங்கள்.

போனில் சொல்வதை எழுதுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது இதுதான். அந்தக் கடைத் தளத்தில் முதலில் இருந்த வாசகம், "பாரம்பரியமும் தரமும் எங்கள் அடையாளம்" என்ற வகை. இப்படி ஒரு வரியை யாரும் தேடுவதில்லை. ஒரு மதியம் கடையில் உட்கார்ந்து, கடைக்காரர் போனில் பேசுவதைக் குறித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, பத்துக்குப் பன்னெண்டு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஹாலுக்கு விரிக்கவா, பந்திக்கா? பந்திக்குன்னா அகலம் கம்மியா, நீளமா எடுத்துக்குங்க."

"துவைச்சா சாயம் போகுங்களா?"

"முதல் தடவை மத்த துணியோட சேர்க்காம பச்சத் தண்ணில தனியா அலசுங்க. நிழல்ல காயப் போடுங்க."

பெயின்ட் செய்த தரைக்கு ஆகுமா, கல்யாணச் சீருக்கு எது வைப்பார்கள், பட்டு நூல் கரை போட்டது என்ன விலை, கோரைப்பாய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. தளத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பதில்களையே எழுதிப் பக்கங்களாக்கினோம். அளவுகளுக்கு ஒரு பக்கம், துவைப்பதற்கும் பராமரிப்பதற்கும் ஒரு பக்கம், சீருக்கு வாங்குவோருக்கு ஒரு பக்கம், கைத்தறி ஜமக்காளத்தை விசைத்தறியில் ஓட்டியதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு பக்கம். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதால் கடைசியாகச் சொன்ன பக்கத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கைத்தறிக்காரர் ஒருவர் தன் தறியைக் காட்டிச் சொல்லும் விவரத்தை, வாங்கி விற்கும் பெரிய தளங்களால் எழுத முடியாது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு தனியாக இருக்க வேண்டும். தேடல் முடிவில் நீல நிறத்தில் தெரியும் டைட்டிலைச் சொல்கிறேன். பல தளங்களில் அது 'முகப்பு' என்றோ 'ஹோம்' என்றோ இருக்கிறது. 'பவானி கைத்தறி ஜமக்காளம், 10க்கு 12 அடி, விலை விவரம்' என்று இருந்தால் தேடுபவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும். அதன் கீழே வரும் இரண்டு வரி விவரத்தால் இடம் முன்னே பின்னே ஆகாது. ஆனால் கிளிக் செய்ய வைப்பது அதுதான், அதனால் அக்கறையாக எழுதுங்கள். கீவேர்ட்ஸ் என்று ஒரு பெட்டியில் ஐம்பது சொல் நிரப்பச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த மெட்டா கீவேர்ட்ஸைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

நம் ஆட்கள் மூன்று விதமாகத் தேடுகிறார்கள்: தமிழில், ஆங்கில எழுத்தில் தமிழாக, முழு ஆங்கிலத்தில். ஜமக்காளத்தை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ஒரு 'கே' போடுகிறவர்களும் உண்டு, இரண்டு போடுகிறவர்களும் உண்டு. எல்லா எழுத்துக்கூட்டலையும் பக்கத்தின் அடியில் கொட்டாதீர்கள். கூகுள் பெரும்பாலும் தானே புரிந்துகொள்கிறது. வழக்கமான ஓரிரு வடிவங்கள் வாக்கியத்துக்குள் இயல்பாக வந்தால் போதும். ஆங்கிலத்தில் வாங்குவோரும் இருந்தால் தனி ஆங்கிலப் பக்கம் வையுங்கள். எது தமிழ், எது ஆங்கிலம் என்று ஹெச்ரெஃப்லேங் என்ற மொழிக் குறிப்பால் இரண்டையும் இணைத்துவிடுங்கள்.

பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைப்பதில் கூகுளுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் காப்பி செய்து அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிந்துவிடும். 'சேலை' என்ற சின்னச் சொல்லே, துணைக்குறிகளையும் சேர்த்து நான்கு குறி என்பதால், 36 எழுத்து நீளம் ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் அதைப் பார்ப்பவர் ஏதோ வைரஸ் லிங்க் என்று நினைப்பார். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பது என் வழக்கம்.

படம், வேகம்

போனில் எடுத்த நான்கைந்து எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். அகலத்தை 1600 பிக்சலுக்குள் கொண்டுவந்து வெப்பி என்ற படக் கோப்பு வடிவத்தில் சேமித்தால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும். படத்துக்கு விவரம் எழுதும் ஆல்ட் பெட்டியில் 'ஐஎம்ஜி' என்று எண் போட்ட பெயரை விடாமல், 'சிவப்பு, பச்சைப் பட்டை போட்ட பவானி ஜமக்காளம்' என்று படத்தில் இருப்பதை எழுதுங்கள். வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் தளத்தைச் சோதித்து, மொபைல் பக்கத்தின் முடிவைப் பாருங்கள். முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்க மெனக்கெட வேண்டாம்.

மேப்பில் கடை

நேரில் வந்து வாங்கும் ஆட்கள் உள்ள எந்தத் தொழிலுக்கும், கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் அவசியம். பெயர்ப் பலகையில் உள்ள பெயரையே கொடுங்கள். 'பவானியின் நம்பர் ஒன் மலிவு விலை' என்று பெயரோடு ஒட்டுவது விதிமீறல், கணக்கையே முடக்கலாம். வகை சரியாக இருக்கட்டும், தீபாவளி, பொங்கல் விடுமுறை நேரங்களை மாற்றி வையுங்கள், கடையின் முகப்பையும் உள்ளே அடுக்கையும் படம் எடுத்துப் போடுங்கள். வாங்கிப்போனவர்களிடம் கருத்து எழுதச் சொல்லிக் கேட்கலாம். அதற்காகப் பரிசோ தள்ளுபடியோ தரக்கூடாது. குறை சொல்லி எழுதியவருக்கும் பணிவாகப் பதில் போடுங்கள். அடுத்து வருபவர் அந்தப் பதிலைத்தான் படிப்பார்.

விளம்பரம், வெளி இணைப்புகள்

மற்ற தளங்கள் உங்கள் தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பு மதிப்புள்ளது. அதனால்தான் அதை விலைக்கு விற்க ஆள் இருக்கிறது. ஆயிரம் பேக்லிங்க் (இந்த வெளி இணைப்புதான்) இவ்வளவு ரூபாய் என்று வரும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். வாங்கிய இணைப்புகள் கூகுளின் விதிக்கு எதிரானவை. 2012-இல் கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றத்தில் இப்படி ஏறிய தளங்கள் பல சரிந்தன. நீங்கள் சரக்கு கொடுக்கும் கல்யாண மண்டபம், உங்கள் தறியைப் பார்க்க மாணவர்களை அழைத்துவரும் கல்லூரி, உங்களைப் பற்றி எழுதும் பத்திரிகை ஆகியோரிடம் உங்கள் முகவரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தறி ஓடுவதை இரண்டு நிமிடம் படம் எடுத்து யூடியூபில் போட்டு, கீழே தளத்தின் முகவரியைக் கொடுங்கள். ஃபேஸ்புக்கில் எழுதும் நல்ல விவரத்தைத் தளத்திலும் சேர்த்துவிடுங்கள். அங்கே அடுத்த வாரம் தேடினாலே கிடைக்காது.

முதல் இடத்துக்கு உத்தரவாதம் என்பவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. யாரிடம் வேலை கொடுத்தாலும் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். சர்ச் கன்சோலில் உரிமையாளர் நீங்கள், அவருக்கு அனுமதி மட்டும். பணத் தகராறில் டொமைனே கைவிட்டுப் போன வியாபாரிகளை எனக்குத் தெரியும். பல வருட உழைப்பு அந்த ஒரு பாஸ்வேர்டில் இருக்கிறது, தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

அதன்பின் மாதம் ஒரு முறை சர்ச் கன்சோலில் தேடல் சொற்களின் பட்டியலைப் பாருங்கள். 16 மாதக் கணக்கு அதில் இருக்கும். போன வருடத்து இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் முகூர்த்த மாதமும் ஆடியும் ஒன்றில்லை. தேடல் முடிவில் நிறையப் பேர் கண்ணில் பட்டும் கிளிக் குறைவாக இருந்தால் டைட்டிலைத் திருத்துங்கள். சராசரி இடம் எட்டுக்கும் இருபதுக்கும் நடுவே நிற்கும் பக்கங்களில் விடுபட்ட விவரங்களைச் சேருங்கள். மாற்றம் தெரியச் சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். பவானிக் கடையின் பட்டியலில் ஜமக்காளம் வாடகைக்குக் கிடைக்குமா என்ற தேடல் திரும்பத் திரும்ப வந்தது. அவர் வாடகைக்கு விடுவதில்லை. இருந்தாலும் மண்டபக்காரர்கள் மொத்தமாக வாங்கினால் என்ன விலை என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டோம். இப்போது மண்டபங்களிலிருந்து வரும் விசாரணை அந்தப் பக்கம் வழியாகத்தான் வருகிறது.