ஆணி அடிக்காமல் ஒரு நிலைவாசல் தோரணம்

பெங்களூரில் மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் தை, மாசியில்தான். புரட்டாசி, ஐப்பசியில் மேல்நாட்டு இலையுதிர்கால அலங்காரம் மாதிரி கதவில் சிவப்பு பிளாஸ்டிக் மேப்பிள் இலை வளையம் மாட்டினால் அது இந்த ஊருக்கு ஒட்டாது. இங்கே சரத் காலம் என்றால் கொலு, ஆயுத பூஜை, தீபாவளி. வாசலுக்கு மாவிலையும் செண்டுமல்லியும். விஜயதசமி முடிந்து தீபாவளி வர ஏறக்குறைய இருபது நாள் ஆகும். எந்தப் பூவும் அத்தனை நாள் தாங்காது. அதனால் கொக்கியும் கயிறும் ஒரே தடவை, இலையும் பூவும் இரண்டு தடவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுக்ககங்களில் தலைவாசல் பெரும்பாலும் மூன்றரை அடி அகலம், ஏழடி உயரம் இருக்கும். ஆனாலும் டேப் வைத்து நிலையின் வெளி விளிம்பை அளந்துவிடுங்கள். மேலே 3.5, பக்கத்துக்கு ஏழேழு, ஆக 17.5 அடி. பூக்கடையில் முழம் அல்லது மாரு கணக்குதான். முழம் சுமார் ஒன்றரை அடி. மாரு என்பது பேச்சுக்கு நாலு முழம். ஆனால் அளப்பவர் கை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். 17.5 அடிக்கு ஒரு சணலை வெட்டிக் கொண்டுபோய், அதன்படி அளந்து தரச் சொன்னால் வம்பே இல்லை.

வாடகை வீட்டில் தேக்கு நிலையில் ஆணி அடித்தால் அட்வான்ஸில் கை வைப்பார்கள். ஒட்டும் கொக்கி ஐந்து போதும்: மேலே இரண்டு மூலை, நடுவில் ஒன்று, பக்கங்களில் இடுப்பு உயரத்தில் ஒவ்வொன்று. கொக்கி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் எடை அல்ல, எண்ணெய்ப் பசை. போன வருஷத்து மஞ்சள், குங்குமம், விளக்குப் புகை எல்லாம் நிலையில் படலமாகப் படிந்திருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பாலிஷ் போட்ட மரமானால் ஸ்பிரிட்டை முதலில் அடிமூலையில் தடவிப் பாருங்கள். சில பாலிஷ் வெளுத்துவிடும். ஒட்டிய அன்றே மாலை மாட்டாதீர்கள், ஒரு நாள் விடுங்கள். சுண்ணாம்பு உதிரும் சுவரில் ஒட்டவே வேண்டாம், பெயின்ட்டோடு பெயர்ந்து வரும். கொக்கியே ஆகாது என்றால், நிலையின் இரு பக்கத்துக்கும் நடுவே திருகி இறுக்கும் ஸ்பிரிங் கர்ட்டன் கம்பி ஒன்று போதும். அதற்கு முன் இரும்பு கிரில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் திறப்பதானால் பக்க மாலை அதன் கீலில் மாட்டி முதல் நாளே அறுந்துவிடும்.

இனி மாவிலை. மார்க்கெட்டில் ‘மாவின சொப்பு’ என்று கேளுங்கள், கட்டாகத் தருவார்கள். கரும்பச்சையாக முற்றிய இலைதான் வேண்டும். செம்பு நிறத் தளிர் பார்க்க அழகு, மாலைக்குள் சுருண்டுவிடும். மூன்றரை அடி என்பது 42 அங்குலம். இரண்டு அங்குலத்துக்கு ஓர் இலை வைத்தால் 21 இலை. கிழிசலுக்கும் பூச்சி அரித்ததற்கும் சேர்த்து முப்பது வாங்குங்கள். காம்பு ஒடித்த இடத்தில் பால் வடியும். துணியில் பட்டால் கறை, சிலருக்குத் தோலில் அரிப்பு. அரை மணி நேரம் காம்பு கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தால் வடிந்து நின்றுவிடும். பிறகு கழுவி, ஒவ்வோர் இலையாகத் துடையுங்கள். ஈரத்தோடு கோத்தால் மறுநாளே கறுப்புப் புள்ளி விழும்.

காம்புப் பக்கத்தை ஓர் அங்குலம் பின்னால் மடித்து, மடிப்புக்குள் சணலை விட்டு, ஈர்க்குச்சித் துண்டால் குத்திச் செருகுங்கள். நரம்புக்கு இருபுறமும் இரண்டு தையல் மாதிரி குச்சி ஏறி இறங்கவேண்டும். ஒரே குத்தாகக் குத்தினால் இலை சுழன்று முதுகைக் காட்டும். ஸ்டேப்ளரும் ஆகும், ஆனால் பின் துருப்பிடித்து இலையைப் பழுப்பாக்கும். சணலில் இரு முனையிலும் கட்டுவதற்கு அரை அடி விட்டு வையுங்கள்.

செண்டுமல்லிக்கு இங்கே ‘செண்டு ஹூவு’ என்று பெயர். ‘சேவந்திகெ’ என்று கேட்டால் கிடைப்பது நம் செவ்வந்தி. நிலைக்குச் செண்டுமல்லியே நல்லது, விலையும் குறைவு. நடுத்தர அளவானால் கிலோவுக்கு ஏறக்குறைய நூறு பூ நிற்கும். நெருக்கிக் கோத்தால் அங்குலத்துக்கு ஒன்று, அதாவது 17.5 அடிக்கு 210 பூ, இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மூன்று அங்குலத்துக்கு ஒரு பூவும் நடுவில் ஓர் இலையுமாகக் கோத்தால் எழுபது பூ, முக்கால் கிலோவில் முடிந்துவிடும். கண்ணுக்கு இதுதான் லட்சணம். நெருக்கிக் கட்டிய மாலை கல்யாண மண்டபத்தை ஞாபகப்படுத்தும். ஊசியைக் காம்பு வழியாக ஏற்றிப் பூவின் நடுவே எடுங்கள். பக்கவாட்டில் குத்தினால் இதழ் கொட்டும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கே.ஆர். மார்க்கெட்டிலோ மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸிலோ விலை ஏறிக் கிடக்கும். இரண்டு நாள் முன்பே, விடியலில், பாதி விரிந்த பூவாகப் பார்த்து வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து கொட்டி, செய்தித்தாளில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கட்டிய மாலையில் தண்ணீர் தெளிக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். செண்டுமல்லி இதழ் அடுக்கில் நீர் தேங்கி நடுவிலிருந்து அழுகும், இரண்டாம் நாளே வாடை வரும். ஐப்பசி மழை சாய்ந்து அடிக்கும் வாசலானால் பக்க மாலையை விட்டுவிட்டு மேல் தோரணத்தோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

வாழைக்கன்று நான்கடி போதும். அடியை ஈரச் சாக்கில் சுற்றி, அதன் மேல் பாலிதீன் கட்டி, கிரில்லோடு இரண்டு இடத்தில் இறுக்குங்கள். சாறு சுவரில் பட்டால் பழுப்புக் கறை போகவே போகாது. தீப்பிடித்தால் இறங்கும் அவசரப் படிக்கட்டுக்குப் போகும் வழியில் மட்டும் நிறுத்தாதீர்கள். பூசணிக்காய் உடைப்பவர்கள் உடைத்த கையோடு அள்ளிவிட வேண்டும். ரோட்டில் விட்டால் டூ வீலர்கள் வழுக்கும்.

படிக்கு மஞ்சள் பூசும்போது கவனம். பாலிஷ் தேய்ந்த மரத்திலும் வெளிர் நிறக் கல்லிலும் மஞ்சள் உள்ளே இறங்கிவிடும். கறுப்பு கிரானைட்டில் கவலையில்லை. பளபள டைல்ஸில் உலர் கோலமாவு நிற்காது, காற்றுக்கே ஓடும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்துத் துணியில் நனைத்து இழையுங்கள். மிதிபடும் இடத்தைவிட்டு ஓரமாகப் போடுங்கள்.

தீபாவளிக்குப் பழைய இலையை எடுத்துவிட்டு அதே சணலில் புது இலை செருகி, பூவையும் மாற்றினால் போதும். காய்ந்த தோரணத்துக்குக் கீழே அகல் விளக்கு கூடாது, இரண்டடியாவது தள்ளி வையுங்கள். சீரியல் லைட் வயரைக் கதவு இடுக்கில் விடாதீர்கள், பத்து தடவை சாத்தினால் நசுங்கும். பேட்டரியில் எரிகிற சரம் வாங்குங்கள்.

கழற்றும்போது கொக்கியைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஹேர் டிரையரால் ஒரு நிமிஷம் சூடு காட்டி, பின்னால் நூலை விட்டு அறுப்பதுபோல் இழுத்தால் வந்துவிடும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய். பூவும் இலையும் ஈரக்குப்பையில் போகலாம். நைலான் நூலில் கோத்திருந்தால் அதை மட்டும் உருவி உலர் குப்பையில் போடுங்கள்.