புதிய பொருள் உருவாக்கம்: கருவாடு காயும் இடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள்

புதிய பொருள் உருவாக்கமும் மேலாண்மையும் என்ற பாடத்தை முதன்முதலாக எடுக்கப்போகும் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். புத்தகத்தில் உள்ள படங்களைப் பலகையில் வரைந்தால் மாணவர்கள் அப்படியே பரீட்சையில் வரைந்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு பொருளை எப்போது செய்வது, எப்போது கைவிடுவது என்று முடிவெடுக்கத் தெரியாது. பாடத்தின் உயிரே அந்த முடிவுதான்.

இராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரிகளுக்கு ஒரு வசதி உண்டு. மண்டபம், பாம்பன், ஏர்வாடி, தொண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் நெத்திலியோ காரலோ சூடையோ மணலில் காய்ந்துகொண்டிருக்கும். ‘கருவாடு காயவைக்கும் மேசை’ என்ற ஒரே பொருளை வைத்து ஒரு செமஸ்டரை ஓட்டலாம்.

படி 1: யோசனையைத் தள்ளிப்போடுங்கள்

தலைப்பைச் சொன்ன ஐந்தாவது நிமிடம் சோலார் டிரையர், ஈரப்பத சென்சார், மொபைல் ஆப் எல்லாம் வந்துவிடும். ஆப் இல்லாத யோசனையை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மாணவர்களைக் காலையிலேயே கடற்கரைக்கு அனுப்புங்கள். குழுவுக்கு நான்கு பேர்: ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் வரைய, ஒருவர் செல்போனில் நேரம் பார்க்க.

கருவாடு காயவைப்பவர்களிடம் “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்கவே கூடாது. “மேசை இருந்தா நல்லாத்தான் இருக்கும் தம்பி” என்று மரியாதைக்கு ஒரு பதில் வரும். அதை நம்பி ஒரு செமஸ்டர் போய்விடும். “நேத்து மீன் வந்ததிலேருந்து என்னென்ன செஞ்சீங்க அக்கா?”, “போன மழையில எவ்வளவு வீணாச்சு?” என்று நடந்ததைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்டு முடித்ததும் அவர்கள் கை செய்யும் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மணலில் பழைய வலையை விரித்து அதன்மேல் மீனைப் பரப்பியிருப்பார்கள். தூறல் விழுந்ததும் வலையின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே தூக்கு. அத்தனை மீனும் மூட்டையாகிவிடும். இதைப் பேட்டியில் யாரும் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. நம் மாணவர் வரையும் இரும்பு மேசையில் இந்த ஒரு வசதி போய்விடும். இதைப் பார்க்காமல் திரும்பிய குழுவை மறுபடி அனுப்புங்கள்.

படி 2: தேவையை அளவாக்குங்கள்

மண் ஒட்டக் கூடாது, நாயும் காக்காயும் எட்டக் கூடாது, தூறலுக்குள் அள்ள வேண்டும், ஒரே ஆளாகத் தூக்கி வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் அலகு எழுத வேண்டும்: தரையிலிருந்து உயரம் எத்தனை சென்டிமீட்டர், பத்து கிலோ மீனை அள்ள எத்தனை விநாடி, மேசையின் எடை எத்தனை கிலோ. அள்ளும் நேரத்துக்கான இலக்கைக் கடற்கரையில் அளந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். வலையை விட மெதுவான மேசையை யாரும் வாங்கமாட்டார்கள்.

தேவைக்குள் தீர்வு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம் வேண்டும்” என்பது தேவை அல்ல. “உப்புக்காற்றில் இரண்டு வருடம் தாங்க வேண்டும்” என்பது தேவை. அப்படி எழுதினால்தான் மூங்கிலும் பி.வி.சி. குழாயும் போட்டிக்கு வரும். சாதாரண இரும்பு கடலோரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் உப்பு பட்டுப் பட்டுப் புள்ளிப்புள்ளியாக அரிப்பு விழும். மாலிப்டினம் கலந்த 316 அதைவிடத் தாங்கும், ஆனால் விலை கூடுதல். உலோகவியலில் படித்தது இங்கே ரூபாயாக மாறுவதை மாணவர் பார்க்கட்டும்.

தேவைகளையும் அளவுகளையும் கட்டம் போட்டு இணைக்கும் ‘தர வீடு’ (House of Quality) 1972-இல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. வகுப்புக்கு ஐந்துக்கு ஐந்து கட்டம் போதும். அதற்கு மேல் போனால் மாணவர்கள் கட்டத்தை நிரப்புவதிலேயே மூழ்கிவிடுவார்கள்.

படி 3: வடிவங்களை ஒப்பிடுங்கள்

குழுவுக்கு ஆறேழு வடிவம் கையால் வரையட்டும். பிறகு பிரிட்டிஷ் பொறியாளர் ஸ்டூவர்ட் பியூவின் அட்டவணை. ஒரு வடிவத்தை அடிப்படையாக வைத்து, மற்றவை அதைவிட மேலா, கீழா, சமமா என்று கூட்டல், கழித்தல், பூஜ்யம் போடுவதுதான் முறை. அடிப்படையாக மணலில் விரித்த அந்தப் பழைய வலையையே வையுங்கள். அதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை, அள்ளுவதும் சுலபம். பளபளப்பான வடிவங்கள் எல்லாம் கழித்தல் குறி வாங்கும்போது வகுப்பு சூடுபிடிக்கும். கால்கள் மேல் சட்டம், சட்டத்தில் கொக்கிகளில் மாட்டிக் கழற்றும் வலை என்ற யோசனை பெரும்பாலும் இந்தச் சண்டையில்தான் பிறக்கும்.

படி 4: வாயிலில் நிறுத்துங்கள்

கனடாப் பேராசிரியர் ராபர்ட் கூப்பர் வகுத்த கட்டம்-வாயில் (Stage-Gate) முறையில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ‘தொடரலாமா, நிறுத்தலாமா’ என்ற கேள்வி வரும். நம் கல்லூரிகளில் இது மதிப்பாய்வு என்ற பெயரில் சம்பிரதாயமாகிவிட்டது. எந்தத் திட்டமும் நிற்பதில்லை. மதிப்பெண் முறையை மாற்றுங்கள். ஆதாரத்தோடு நிறுத்தும் குழுவுக்கும், செய்து முடிக்கும் குழுவுக்கும் ஒரே உச்ச மதிப்பெண். இதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள், இல்லையென்றால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

கால அட்டவணையும் இங்கேதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீன்வரத்து குறைந்துவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில் தொடங்கும் செமஸ்டர் என்றால் மார்ச்சுக்குள் சோதனை முடிய வேண்டும்.

படி 5: மாதிரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்

மாதிரி மேசைக்கு மூங்கில், கயிறு, வலை போதும். ஒரு வாரம் கடற்கரையிலேயே விட்டுவிடுங்கள், பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டாம். திரும்பிப் போகும்போது மேசையில் துணி காய்ந்துகொண்டிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

படி 6: கணக்கு

உதாரணத்துக்கு, ஒரு மேசை 2,400 ரூபாய், வீணாவது குறைந்ததால் நாளுக்கு 40 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். போட்ட காசு திரும்ப 60 வேலைநாள் ஆகும். தடைக்காலத்தையும் மழையையும் கழித்துவிட்டு இந்த 60 நாள் எந்த மாதத்தில் முடியும் என்று நாள்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி கட்டாயம்: கொக்கி உடைந்தால் எந்த ஊர்க் கடையில் கிடைக்கும், மாட்டித் தருவது யார்.