பனி அள்ளும் சவளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பனி அள்ளச் சவள் வாங்கும்போது, ஒரே தடவையில் நிறைய அள்ளலாம் என்று எண்ணி அகன்ற அலகை எடுத்துவிடத் தோன்றும். ஆனால் முதலில் கணக்கிட வேண்டியது அதில் நிறையும் பனியின் எடையைத்தான். உலர்ந்த புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். நீர் ஊறிய பனியோ 300 கிலோவையும் தாண்டும். எனவே, 25 லிட்டர் கொள்ளும் அலகில் உலர்பனி இரண்டரைக் கிலோவுக்குள் அடங்க, ஈரப்பனி ஏழரைக் கிலோவாகிவிடும். அதனுடன் சவளின் எடையும் சேர்கிறது. முதுகு தாங்க வேண்டிய சுமை இதுதான் என்பதால், தூக்கி எறிவதற்கு 45 செ.மீ. அளவிலான அலகே பெரும்பாலோருக்குப் போதும் என்பேன்.

அதைவிட அகன்றவை தள்ளுவதற்கு உரியவை. வளைந்த அலகுடைய தள்ளு சவள், மெல்லிய பனியைத் தூக்காமலே ஓரம் சேர்த்துவிடும். சமதளமும், பனியை ஒதுக்க இடமும் இருந்தால் இதையே முதலில் வாங்கலாம். படிக்கட்டுக்கு அது உதவாது. அங்கே சிறிய அலகுதான் வேண்டும்.

அலகு எதனால் ஆனது என்பதையும் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் எடை குறைந்தது, பனியும் அதில் அதிகம் ஒட்டாது. ஆனால் மலிவான வகைகள் கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை அடைந்து, உறைந்த கட்டியில் மோதியதும் விரிசல் விடுகின்றன. அலுமினியம் எடைக்கும் உறுதிக்கும் நடுவே நிற்கிறது. இரும்பு, இறுகிய பனியை உடைக்க வல்லது என்றாலும், நாள் முழுதும் தூக்குவதற்கு மிகவும் கனமானது. விளிம்பில் மட்டும் எஃகுப் பட்டை பதித்த பிளாஸ்டிக் அல்லது அலுமினிய அலகு இந்தக் குறைகளைப் பெருமளவு ஈடுசெய்கிறது. மரத்தளத்தையும் மென்மையான கல்தளத்தையும் அப்பட்டை கீறிவிடும் என்பதால், அத்தகைய இடங்களுக்குப் பிளாஸ்டிக் விளிம்பே பொருந்தும்.

காம்பின் நீளத்தை, கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். அலகைத் தரையில் ஊன்றி நிறுத்தினால் கைப்பிடி ஏறத்தாழ நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். குட்டையான காம்பு உங்களை இடுப்பிலிருந்து குனிய வைக்கும். நடுவில் வளைந்த காம்பு குனிவைக் குறைக்கிறது; ஆயினும் பனியை வீசும்போது அது கையில் சுழல்வதுபோல் சிலருக்குத் தோன்றும். ஆகையால் கடையிலேயே அள்ளி வீசுவதுபோல் அசைத்துப் பாருங்கள். வெறும் உலோகக் காம்பு கையுறையையும் மீறிக் குளிரைக் கடத்தும்; மரமும் கண்ணாடியிழையும் அவ்வாறு செய்வதில்லை. கைப்பிடியின் வளையத்துக்குள் தடித்த கையுறை அணிந்த கை முழுவதும் நுழைய வேண்டும்.

இதயநோய் அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எந்தச் சவளையும் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அதே நேரத்தில், பனி அள்ளும் உழைப்பு இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. மிக இலேசான சவளும் இந்த ஆபத்தை முழுமையாக நீக்குவதில்லை.