ஃபிரெட்ரிக் என்றால் 'அமைதியாக ஆள்பவன்' இல்லை

ஃபிரெட்ரிக் என்ற பெயரில் 'அமைதி', 'ஆட்சி' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. உடனே 'அமைதியாக ஆள்பவன்' என்று பெயர்ப் பட்டியல்களில் போட்டுவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய ஜெர்மானிய (பழைய ஆங்கிலமும் இதில் சேரும்), நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) பெயர்களை இப்படி ஒரு வாக்கியம்போலப் படிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

அந்த மக்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களைக் கோத்துப் பெயர் வைத்தார்கள். தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு; சேர்ந்த பிறகும் பொருள் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குன்ஹில்ட் என்ற பெண் பெயரில் 'குன்' என்றாலும் போர், 'ஹில்ட்' என்றாலும் போர். 'போர்ப்போர்' என்றா மகளைக் கூப்பிட்டிருப்பார்கள்? ஹரால்டில் முதலில் 'படை', பிறகு 'ஆட்சி'. வால்டரில் அதே இரண்டும் இடம் மாறி நிற்கின்றன.

எந்தச் சொல்லை எடுப்பது என்பதில் குடும்பத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. 1095-இல் இறந்த இங்கிலாந்தின் வூஸ்டர் நகர ஆயர் (பிஷப்) வுல்ஃப்ஸ்டனின் தாய் வுல்ஃப்கிஃபு, தந்தை ஏதெல்ஸ்டன். தாய் வழியில் 'ஓநாய்', தந்தை வழியில் 'கல்'. இதற்குள் தத்துவம் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

அதற்காக, பொருளே தெரியாமல் வைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1016-இல் இறந்த இங்கிலாந்து அரசர் ஏதெல்ரெட்டின் பெயருக்கு 'உயர்குடி', 'ஆலோசனை' என்று பிரிப்பு. அவர் ஆண்ட லட்சணத்தைப் பார்த்துப் பிற்காலத்தவர் 'அன்ரேட்' என்று பட்டம் கட்டினார்கள். 'நல்ல ஆலோசனை இல்லாதவர்' என்று குத்தல். அது இன்று 'அன்ரெடி' என்று திரிந்து, ஏதோ தயாராகாமல் இருந்தவர்போல ஆகிவிட்டது.

இன்றைய காதால் பழைய சொல்லைக் கேட்டால் இப்படித்தான் ஆகும். ரோசமுண்ட் என்றதும் ரோஜா நினைவுக்கு வரும். லத்தீன் படித்தவர்கள் 'உலகின் ரோஜா' என்றே விளக்கம் சொன்னார்கள். உண்மையில் அதில் இருப்பது குதிரையும் காவலும்!

அப்புறம், ரஷ்யப் பெயர் என்று நாம் நினைக்கும் ஓல்காவும் ஈகோரும் ஹெல்கா, இங்வார் என்ற நார்ஸ் பெயர்களிலிருந்து வந்தவை.

நார்ஸ் கடலோடி லெய்ஃப் எரிக்சனின் பெயரில் 'எரிக்சன்' குடும்பப் பெயர் இல்லை, 'எரிக்கின் மகன்' என்பது மட்டுமே. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலானோருக்கு இதே வழக்கம்தான். 1980-இல் அங்கே ஜனாதிபதியான விக்டிஸ் ஃபின்போகடோட்டிரை 'ஃபின்போகடோட்டிர்' என்று மட்டும் குறிப்பிட்டால் 'ஃபின்போகியின் மகள்' என்று சொன்னதாகத்தான் ஆகும். அவரை விக்டிஸ் என்றே எழுத வேண்டும்.