நீட் தேர்வு: 180 கேள்வியை 180 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுவது எப்படி?

குடியாத்தம், அணைக்கட்டு பக்கமிருந்து வேலூருக்கு வந்து என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பாடம் நன்றாகவே தெரியும். ஆனாலும் மாதிரித் தேர்வில் கடைசி இருபது கேள்வியைத் தொடாமலே எழுந்து வருவார்கள். அந்த முகத்தைப் பார்க்க மனசு தாங்காது. இந்தக் குறையைப் பழக்கத்தால் சரிசெய்துவிடலாம்.

முதலில் கணக்கு. 2025 வினாத்தாளில் இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 கேள்விகள். மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தப்புக்கு 1 போகும்.

படி 1: பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, அவசரப்படாமல் முழுவதும் போடுங்கள். ஒவ்வொரு பாடமும் எத்தனை நிமிடம் பிடித்தது என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். உங்கள் இப்போதைய வேகம் அதுதான்.

படி 2: நேரத்தைப் பிரியுங்கள். நான் சொல்லித்தருவது இது: உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 60. மீதி 20 நிமிடம் விட்டுவைத்த கேள்விகளுக்கு. உயிரியலில் தொடங்குவது நல்லது. கணக்குப் போடும் வேலை குறைவு, கையும் மனசும் நிதானத்துக்கு வந்துவிடும். ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடம் தாண்டினால் வட்டமிட்டுவிட்டு நகருங்கள். இயற்பியலில் இதைச் செய்ய மனசே வராது. ஆனால் பிடிவாதமாக உட்கார்ந்தால் சுலபமான மூன்று கேள்வி கைவிட்டுப் போகும்.

படி 3: ஓஎம்ஆர் தாளோடுதான் (விடைக்கான வட்டத்தைப் பேனாவால் நிரப்பும் விடைத்தாள்) பயிற்சி. இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு வட்டம் நிரப்ப 5 நொடி என்றாலும் 180 வட்டத்துக்கு 15 நிமிடம். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஒரு வரி மாறினால் அடுத்தடுத்து எல்லாம் மாறும். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை நிரப்பிவிடுங்கள். பேனாவில் நிரப்புவதால் அழிக்க வழியில்லை.

குருட்டாம்போக்கில் விடை போடலாமா? நாலு கேள்வியில் ஒன்று சரியானால் 4 வரும், மூன்று தப்புக்கு 3 போகும், மிச்சம் 1. அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம். இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ள முடிந்தால் மட்டும் தைரியமாகப் போடுங்கள்.

படி 4: வாரம் ஒரு மாதிரித் தேர்வு, மதியம் 2 முதல் 5 வரை. தேர்வு பெரும்பாலும் மே தொடக்கத்தில், அந்த நேரத்தில்தான் நடக்கும். கத்திரி வெயில் காலம். நம்மூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாப்பிட்டதும் கண் சொக்கும் அந்த மூன்று மணிக்கு மூளையை ஓடவைக்க உடம்பு பழக வேண்டும். கைக்கடிகாரத்துக்கு அனுமதி கிடையாது, அதனால் வீட்டிலும் சுவர்க் கடிகாரத்தையே பாருங்கள்.

தேர்வு நாளில் வயிறு முட்டச் சாப்பிடாமல் தயிர்சாதமோ இட்லியோ போதும். 1:30க்கு வாசல் சாத்திவிடுவார்கள், அப்புறம் கெஞ்சினாலும் விடமாட்டார்கள். ஹால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கே மையத்தில் இருக்கிற மாதிரி, வெளியூர்ப் பிள்ளைகள் காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள்.