பக்கத்து வீட்டோட எல்லைப் பிரச்சனையா? ஒரு சர்வேயரா நான் சொல்றது

வேலி நிக்கிற இடம்தான் எல்லைன்னு நெனச்சு சண்டைய ஆரம்பிச்சிடாதீங்க. பாறை குறுக்க இருந்துச்சுன்னு யாரோ தள்ளிப் போட்ட வேலியா இருக்கலாம், ஆடு மாடு உள்ள வராம இருக்க அவசரத்துல கட்டினதா இருக்கலாம். எங்க வேலை புதுசா கோடு கிழிக்கிறது இல்லங்க, முதல்ல நிலத்த பிரிச்சப்போ போட்ட கோடு எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான்.

அதனால டேப்ப எடுக்குறதுக்கு முன்னாடி பத்திரத்த எடுங்க. உங்களோடது மட்டும் போதாது, முடிஞ்சா பக்கத்து வீட்டுக்காரரோட பத்திரமும் வேணும், பொது எல்லைக்கு ரெண்டுலயும் ஒரே அளவு போட்டிருக்கான்னு பாருங்க. ஒரே ஆளு பெரிய நிலத்த துண்டு துண்டா வித்திருந்தா எந்த துண்டு முதல்ல போச்சுன்னு தேதியையும் பாருங்க, ஏன்னா முதல் ஆளுக்கு வித்தது போக மிச்சம் இருந்தத மட்டும்தான ரெண்டாவது ஆளுக்கு அவர் குடுத்திருக்க முடியும்.

அடுத்தது கல்லு. மூலையில எல்லைக்கல்லோ இரும்புக் கம்பியோ இருக்கான்னு தேடுங்க, மேல தெரியலன்னா மண்ணுக்குள்ள இருக்கலாம், கம்பின்னா மெட்டல் டிடெக்டர்ல மாட்டும். கெடச்சா அசைக்கவே அசைக்காதீங்க, நிறைய நாடுகள்ல அது குற்றம். ஒரு தடவ ரெண்டு வீட்டுக்காரங்க வருஷக்கணக்கா பேசிக்காம இருந்தாங்க, போய்ப் பாத்தா ரெண்டு பேருமே தெருவுல இருந்த மின்கம்பத்துலேர்ந்து அளந்துட்டு இருந்திருக்காங்க, அந்தக் கம்பம் நடுவுல ஒரு தடவ மாத்தி நட்டது! உண்மையான கல்லு மண்ணு கொட்டி உசத்துன தரைக்கு ரெண்டு அடி கீழ இருந்துச்சு.

பேப்பர்ல இருக்குற நம்பரும் தரையில இருக்குற கல்லும் ஒத்துப்போகலன்னா, நட்ட எடத்துலயே அசையாம இருக்குற பழைய கல்லத்தான் பொதுவா நாங்க நம்புவோம். காரணம் இருக்கு. 17-ம் நூற்றாண்டுலேர்ந்து ரொம்ப காலம் 66 அடி, 100 கண்ணி உள்ள சங்கிலியிலதான் பல எடத்துல அளந்தாங்க, இழுத்து இழுத்து கண்ணி தேஞ்சா சங்கிலி நீளும், அப்போ எழுதுற அளவு கொறையும். சரிவும் ஏமாத்தும். பத்திரத்துல இருக்குறது பொதுவா கிடைமட்டமா அளந்த தூரம், நீங்க 10 டிகிரி சரிவுல டேப்ப தரையோட போட்டு 30 மீட்டர் அளந்தா உண்மையில அது சுமார் 29.54 மீட்டர்தான், கிட்டத்தட்ட அரை மீட்டர் போச்சு. செல்போன் மேப் வேண்டவே வேண்டாம், அதோட ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும்.

சர்வேயர ரெண்டு வீடும் சேந்து வெச்சு ஃபீஸ பாதி பாதி போட்டுக்கிட்டா ரொம்ப நல்லது, ஒரு ஆளு மட்டும் கூட்டிட்டு வந்தா எவ்வளவு நேர்மையா அளந்தாலும் அடுத்தவர் நம்ப மாட்டார். லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, மூலையில குறி நட்டுக் குடுப்பாரா, கையெழுத்து போட்ட பிளான் தருவாரான்னும் முன்னாடியே கேட்டுக்கோங்க. அளந்து சொல்றதுதான் எங்க வேலை, நிலம் யாருக்கு சொந்தம்னு தீர்ப்பு சொல்றது கோர்ட்டு. ஆனா சுவர் கொஞ்சம் உள்ள வந்திருக்குன்னு தெரிஞ்சா உடனே இடிக்கணும்னு இல்ல, அந்தத் துண்ட வெல பேசி வாங்கிக்கலாம், எழுத்துல அனுமதி குடுத்துக்கலாம். சும்மா மட்டும் விட்டுடாதீங்க, பல நாட்டு சட்டத்துல ரொம்ப வருஷம் அனுபவிச்சவருக்கே உரிமை போய்டும்.

இந்த வேலைக்கு வரணும்னு நெனைக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு: திரிகோணமிதி நல்லா வரணும், டோட்டல் ஸ்டேஷன், அதாவது கோணத்தையும் தூரத்தையும் சேத்து அளக்குற கருவி, ஓட்டக் கத்துக்கறது கஷ்டமே இல்ல, பழைய பத்திரத்த பொறுமையா படிக்கிறதும் கோவமா இருக்குற ரெண்டு பேரையும் முழுசா பேச விட்டுக் கேக்குறதும்தான் வருஷக்கணக்குல வரும்.

அளக்குற அன்னிக்கு ரெண்டு வீட்டுக்காரங்களும் அங்கயே நில்லுங்க, எல்லையோரப் புதர முந்தின நாளே வெட்டிடுங்க. குறி நட்டதும் ஒவ்வொண்ணுக்கும் ஃபோட்டோ எடுத்து, வீட்டோட ரெண்டு மூலையிலேர்ந்து எவ்வளவு தூரம்னு அளந்து எழுதி ரெண்டு பேரும் ஒரு காப்பி வெச்சுக்கோங்க, நாளைக்கு மண்ணு மூடினாலும் எங்க தோண்டணும்னு தெரியும்.